அவசரக்காரனுக்கு ஏரி எதுக்கு?

பாங்காங் ஏரிக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னா நம்ம மக்கள் கேக்குற மொத கேள்வி, "அந்த மஞ்ச ஸ்கூட்டர்ல உக்காந்து போட்டோ எடுத்தியா?" 2009ல வந்த 'த்ரீ இடியட்ஸ்' பண்ணி வெச்ச வேலை. எடுக்கலைங்க. மொத தடவை போனப்ப நான் கார் சீட்டுல பிளாஸ்டிக் பையும் கையுமா குனிஞ்சு கெடந்தேன் :-(

சென்னையில கடல் மட்டத்துல இருந்தவன் விமானத்துல லே போய் இறங்கினேன். லேயே 3,500 மீட்டர் உயரம். "நாளைக்கே பாங்காங் போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம் சார்"னாரு பயண ஏற்பாட்டாளர். லீவு நாலே நாள், நானும் தலையாட்டிட்டேன். வழியில சாங் லா கணவாய், 5,300 மீட்டருக்கும் மேல. அங்கயே தலைக்குள்ள யாரோ அம்மி கொத்த ஆரம்பிச்சாச்சு. ஏரி என்ன கலர்னுகூட ஞாபகம் இல்லை.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. உயர நோய்க்கு முதல் மருந்து கீழ இறங்குறது. ஆனா பாங்காங்ல இருந்து லேக்குத் திரும்பற வழக்கமான பாதையில, இறங்கணும்னா மொதல்ல அதே சாங் லா மேல ஏறியாகணும்! ஏரியே சுமார் 4,300 மீட்டர். அங்க முடியாமப் போனா ஆஸ்பத்திரி சுமார் 5 மணி நேரப் பயணம்.

ரெண்டாவது தடவை லேயில மூணு ராத்திரி, ஏரியை விடத் தாழ்வா இருக்கிற தாங்ட்சேயில ஒரு ராத்திரி. அப்புறம்தான் ஏரி. 134 கிலோமீட்டர் நீளம். அதுல மூணுல ஒரு பங்குதான் நம்ம பக்கம். தண்ணி உப்பு, ஆனாலும் குளிர்காலத்துல உறைஞ்சிடும். வெயில் ஏற ஏற சாம்பல், பச்சை, நீலம்னு மாறிட்டே இருந்துச்சு. அரை மணி நேரத்துல ஓடி வந்திருந்தா ஒரு கலரோட போயிருக்கும்.

அதனால என் கட்சி இதுதான்: நாலு நாள் லீவுன்னா லேயைச் சுத்திப் பாருங்க, பாங்காங் வேண்டாம். வந்து இறங்கின மறுநாளே கூட்டிட்டுப் போறேன்னு எவனாவது சொன்னா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க.

குளிர்காலத்துல நம்ம கூந்தன்குளத்துக்கு வருமே வரித்தலை வாத்து, அந்த இனம் லடாக் ஏரிகள்லயும் குஞ்சு பொரிக்கும். இமயமலையையே தாண்டற பறவை அது. அதுவே வழியில தங்கித் தங்கித்தான் போகுதாம். நாம என்ன பெரிய கொம்பா? :-)

டிஸ்கி: இதயம், நுரையீரல் கோளாறு இருக்கறவங்க டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்துடுங்க.