காரணத்தைத் தமிழில் கேளுங்கள்



மும்பை விக்ரோலியில் இருந்து நம் வாசகி ஒருவர் சென்ற மாதம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பி மகனை, வேறொரு பகுதியில் நடந்த தகராறில் போலீஸ் பிடித்திருக்கிறது. இப்போது ஜாமீனில் இருக்கிறான். பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். முழுக்க மராத்தி, அடியில் மட்டும் தமிழில் அவன் கையெழுத்து. "போடச் சொன்னாங்க, போட்டுட்டான்."

அது கைதுக் குறிப்பு. கைதான நேரம் இரவு 9 மணி என்றிருந்தது. அவனைக் கூட்டிப் போனதோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்கிறார் அத்தை. இது சின்ன விஷயமில்லை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. அந்தக் கணக்கு தொடங்குவதே கைதான நேரத்தில்தான். வாசிக்கத் தெரிந்திருந்தால் அங்கேயே மறுத்திருப்பான்.

நம்மைப் போன்றவர்களுக்காகவே வந்தது போல ஒரு தீர்ப்பு இருக்கிறது. வொர்லி கார் விபத்து வழக்கிலிருந்து எழுந்த மிகிர் ராஜேஷ் ஷா வழக்கில், 2025 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதுவும் கைதானவருக்குப் புரிகிற மொழியில். உடனே எழுதித் தர முடியாத நிலையில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது தாள் கைக்கு வந்துவிட வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டப்படி செல்லாது.

ஆகவே தமிழில் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

போலீஸ் விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் பொதுவாகக் கோர்ட்டில் சாட்சியமாக நிற்காது. காவலில் இருப்பவருக்கு, வருமானம் பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

இந்த உரிமைகளில் சில நம் நகரத்திலேயே பிறந்தவை. 1982 மே மாதம் பத்திரிகையாளர் ஷீலா பார்சே பம்பாய் மத்திய சிறையில் 15 பெண்களிடம் பேசினார். போலீஸ் லாக்கப்பில் தங்களை அடித்ததாக ஐவர் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1983இல் தீர்ப்பு வந்தது. கைதானவரிடம் 'உங்களைத் துன்புறுத்தினார்களா' என்று மாஜிஸ்திரேட் கேட்டாக வேண்டும் என்பது அதில் ஒன்று. விக்ரோலி கோர்ட்டில் நிற்கும் நம் பிள்ளைக்கும் அந்தக் கேள்வி உரியது. அவன் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

"தப்பு பண்ணாதவனுக்கு எதுக்கு வக்கீல்?" என்று அந்த அம்மா கேட்டார். தப்பே செய்திருந்தாலும் வக்கீல் வேண்டும் அம்மா. வெளியே தெரிந்தால் அவமானம் என்று வீட்டுக்குள் பேசிக்கொண்டே முதல் நாளைக் கழித்துவிடுகிறோம். அந்த ஒரு நாள்தான் பிள்ளைக்கு நாம் அதிகம் தேவைப்படும் நாள்.

கைதுக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அடுத்த இதழில் ஒரே பக்கத்தில் அச்சிடுகிறோம். கத்தரித்து வீட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்