ஜாக்கி வாங்கும்போது டன் பார்க்காதீங்க மக்களே

தலைப்பைப் பார்த்து ஜட்டி விளம்பரம்னு வந்தவங்க அப்படியே திரும்பிடலாம். இது காரைத் தூக்குற ஜாக்கி :-)

ஹைதராபாத் போனப்போ சௌமஹல்லா அரண்மனையில அந்த மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸைப் பார்த்தேன். 1912 சில்வர் கோஸ்ட். ஆர்டர் கொடுத்த ஆறாவது நிஜாம் 1911லயே போய்ச் சேர்ந்துட்டார், பாவம். எல்லாரும் சிம்மாசன சீட்டைப் பார்க்க, எனக்கு மட்டும் 'இது பஞ்சரானா எதை வச்சுத் தூக்குவாங்க?'ன்னு ஓடுச்சு. குளச்சல்ல லாரி பட்டறை வச்சிருக்கற சித்தப்பாகிட்ட வளர்ந்தவன் புத்தி வேற எப்படிப் போகும்?

பழைய கார் பிரியர்கள்கிட்ட கேட்டா 'அஞ்சு டன் ஜாக்கி, பத்து டன் ஜாக்கி'ன்னு பெருமையா சொல்றாங்க. வண்டி ரெண்டரை டன்னுன்னே வைங்க, ஒரு மூலைக்கு முக்கால் டன்கூட வராது. ரெண்டு டன் ஜாக்கிக்கே அது ஜுஜுபி.

சிக்கல் உயரத்துல இருக்கு. சில்வர் கோஸ்ட்டுக்குப் போட்ட டயர்ல ஒரு அளவு 895 × 135. அதாவது சக்கரத்தோட விட்டம் 895 மி.மீ. ஆக்சிலோட நடுப்பகுதியே தரையிலேருந்து ஏறக்குறைய 45 செ.மீ. சின்ன பாட்டில் ஜாக்கி முழுசா நீண்டாலும் 35 செ.மீ. பக்கம்தான். எட்டாது. காத்து போன டயர்ல ஆக்சில் இறங்கி நிக்கும்போது அடியில நுழையணும், காத்து அடிச்ச ஸ்டெப்னியை மாட்டுற அளவுக்கு மேலயும் போகணும். இந்த ரெண்டு அளவையும் டேப் வச்சு அளந்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

எட்டலைன்னா நம்மாளு என்ன செய்வான்? அடியில செங்கல் வைப்பான். சித்தப்பாவோட இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கு. கல்யாணத்துக்கு வந்த ஒரு பழைய பெரிய கார், ஜாக்கிக்குக் கீழே ரெண்டு செங்கல். கல்லு பொளந்துச்சு. "கல்லை நம்பப்பிடாது மக்கா, பலகையை நம்பு, கேட்டியா"ன்னு இப்பவும் சொல்வார். எங்க ஊர் மணல்ல அகலப் பலகை இல்லாம ஜாக்கி வச்சா, வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

வண்டியோட வந்த ஒரிஜினல் திருகு ஜாக்கியைத்தான் பயன்படுத்துவேன்னு அடம்பிடிக்கிறவங்களும் உண்டு. திருகு ஜாக்கியில எண்ணெய் கசிஞ்சு இறங்குற பயம் இல்லைங்கறது வாஸ்தவம். ஆனா நூறு வருஷத்து மரை எவ்வளவு தேஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? மினுக்கிக் கண்காட்சியில வைங்க. வேலைக்குப் புது ஜாக்கி, கூடவே ரெண்டு ஸ்டாண்டு. பானட் மேல நிக்கிற பொம்மைக்கு ஆயிரக்கணக்குல செலவழிக்கிற ஆளுக்கு ஸ்டாண்டு வாங்க மட்டும் கை வரமாட்டேங்குது.

1936லேருந்து 1939 வரை வந்த ஃபாண்டம் III காருல ஹைட்ராலிக் ஜாக்கியை வண்டியிலயே பொருத்தி அனுப்பினாங்க. சித்தப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"அப்போ நமக்குப் பொழப்பு எங்கலே?"