மேதையாக இருந்தால்தான் மதிப்பீர்களா?

போடியில் கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் பலரும் இப்போது கைப்பேசியில் ஜப்பானிய அனிமே பார்க்கிறார்கள். 'டெத் நோட்' (2006) தொடரில் வரும் 'எல்' என்ற துப்பறிவாளனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நாற்காலியில் குத்தவைத்துத்தான் உட்காருவான். வெறுங்காலோடு திரிவான். இனிப்பாகவே தின்பான். தொடரில் எங்கும் ஆட்டிசம் என்ற பேச்சு வராது. ஆனாலும் ஆட்டிசம் உள்ள ரசிகர்கள் பலர் அவனைத் தங்களில் ஒருவனாகப் பார்க்கிறார்கள்.

அதில் தப்பில்லை தோழர்களே. என் கேள்வி வேறு. அவன் பெரிய மேதையாக இல்லாமல் இருந்திருந்தால், அதே பழக்கங்களை இத்தனை பிரியத்தோடு பார்த்திருப்போமா?

நம் சினிமாவும் அப்படித்தான். ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிப் பேசிய படம் 'ஹரிதாஸ்' (2013). அக்கறையோடு எடுத்த படம். ஆனால் அந்தச் சிறுவனும் ஓட்டக்காரனாகித்தான் நம்மிடம் கைதட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அவன் அப்பா போலீஸ் அதிகாரி. பிள்ளைக்காக நேரம் ஒதுக்க அவரால் முடிகிறது.

இந்த நிபந்தனை நமக்குப் புதிதில்லை. சேரிப் பிள்ளை மாவட்டத்தில் முதலிடம் வாங்கினால் சால்வை போடுவார்கள். சுமாராகப் படிக்கிற பிள்ளையை 'கோட்டாவில் வந்தது' என்பார்கள். திறமையைக் காட்டினால்தான் மனிதன் என்பது சாதி வைக்கிற தேர்வு. அதே தேர்வை ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் வைக்கிறோம்.

வேறு மாதிரியும் சொல்ல முடியும். அதுவும் ஜப்பானிலிருந்தே வந்திருக்கிறது. தோபே கெய்கோ என்ற பெண் வரைந்த 'ஹிகாரி தோ தோமோ நி' என்ற மாங்கா, 2004இல் அங்கே தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் வரும் ஹிகாரு மேதை இல்லை. வளர்ப்பு சரியில்லை என்று தாய்தான் பேச்சு வாங்குகிறாள். மகன் சந்தோஷமாக வேலை செய்து பிழைக்கும் பெரியவனாக வளர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. உழைக்கிற வீட்டுத் தாய்க்கு இந்த ஆசை சட்டென்று புரியும்.

இனி நம் மலைச்சரிவுக்கு வருவோம். விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. அடைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் நம் மக்கள். மூன்று வயதாகியும் பேசாத, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை வீட்டில் இருந்தால் அந்த அம்மா என்ன செய்வாள்? க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மறுபடி வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலி. தோட்டத்து லயத்திலேயே தங்கியிருக்கும் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், குடியிருப்பு கேரளத்தில். எந்தப் பக்கம் போய்க் கேட்பது?

ஊரோ 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்லிவிட்டுப் போகிறது. நம்மைச் சேரியில் வைத்ததற்கும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். கர்மவினையை நம் விஷயத்தில் மறுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தை விஷயத்தில் தலையாட்டினால் நாம் எப்படி அம்பேத்கரியர்கள்?

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1995 ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு உயர்கல்வியில் 5 விழுக்காடு, அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அந்த 4இல் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளிட்டவை எல்லாம் சேர்ந்து பங்குபோடுவது ஒரே ஒரு விழுக்காட்டை. அந்த ஒன்றைக் கேட்கவும் சான்றிதழ் வேண்டும். கூலியை இழக்க முடியாத தாயால் அந்தச் சான்றிதழை எப்படி வாங்க முடியும்?

திரையைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் 2024 ஜூலையில் வந்த தீர்ப்பு, மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சொற்களையும் கேலியையும் தவிர்க்கச் சொன்னது. அவர்களைப் பற்றிப் படைக்கும்போது அவர்களையும் கலந்துகொள்ளச் சொன்னது. நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். இதை நாம்தான் முதலில் ஏற்க வேண்டும்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலைகள். கூட்டத்திலும் வாட்சப் குழுவிலும் எதிராளியை 'லூசு', 'மெண்டல்' என்று திட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அந்த அம்மாவோடு ஒரு நாள் மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள். விண்ணப்பத்தை நீங்கள் நிரப்புங்கள். கிராம சபையில் எழுந்து, பரிசோதனை முகாமையும் சான்றிதழ் முகாமையும் குரங்கணி, கொட்டகுடி வரை மலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிற பெண்கள் வரமுடிகிற ஞாயிற்றுக்கிழமையில் வைக்கச் சொல்லுங்கள்.

எல்லையும் ரசியுங்கள். ஆனால் ஒன்றுமே சாதிக்காத, சாதிக்கத் தேவையும் இல்லாத குழந்தைக்கு அதே மரியாதை கிடைக்கும்வரை நம் வேலை முடியவில்லை.

ஜெய்பீம்!