வரி கட்டுகிறோம், கணக்கைக் காட்டுங்கள்

ஜப்பானில் அச்சாகும் ஒரு டெக்கால் தாள் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். 1:72 அளவில் செய்த மாதிரி விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் ஒட்ட வேண்டிய எண்களும் சின்னங்களும் அதில் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, தாளிலிருந்து நழுவும் பதம் வந்ததும் தூரிகை நுனியால் இடத்துக்கு நகர்த்துவார்கள். ஒரு சின்னம் கிழிந்தால் புதுத் தாள் வரவழைக்க வேண்டும். சிலநூறு ரூபாய் விலையுள்ள அந்தத் தாள் கடல் கடந்து வந்து, சுங்கத்தில் நின்று, கூரியர்காரரின் கட்டணமும் சேர்ந்து வீட்டு வாசலுக்கு வரும்போது, அதன் விலையைவிட மற்றச் செலவு கூடிவிடுவது புதிதல்ல.

தமிழ்நாட்டில் ஸ்கேல் மாடல், மாடல் ரயில், ஆர்.சி. விமானம், ஹாம் வானொலி, தொலைநோக்கி என்று ஓய்வு நேரத்தையும் சம்பளத்தில் ஒரு பங்கையும் செலவிடும் ஆர்வலர்கள் சிலர் கூடிப் பேசி, சக குடிமக்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறார்கள். வரியே கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. சுங்க அட்டவணையின் எந்தத் தலைப்பின் கீழ், எந்த மதிப்பின் மேல், எத்தனை சதவீதம் வரி போடப்பட்டது, அதில் அரசுக்குப் போவது எவ்வளவு, கூரியர் நிறுவனம் எடுத்துக்கொள்வது எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன்பே ஒரு தாளில் காட்ட வேண்டும். மிகச் சிறிய பார்சல்களை விட்டுவிட வேண்டும். கேட்பதில் முக்கியமானவை இவை. இதைக் கேட்கப் பொதுமக்களின் குரலும் தேவைப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து பேனா மையோ வீணைக்கு ஒரு பிக்கப்போ வரவழைக்கும் எவரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

வரி விகிதம் குறைந்திருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்த உபயோகத்துக்காக அஞ்சலிலோ வான்வழியிலோ வரும் பொருள்களுக்குச் சுங்க அட்டவணையில் 9804 என்று தனித் தலைப்பு உண்டு. அதன் கீழ் அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதமாக இருந்த காலத்தில், அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி, எல்லாவற்றையும் கூட்டிய தொகையின்மேல் 28 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஏறி, மொத்தம் 77.28 சதவீதத்தில் போய் நின்றது. ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு 773 ரூபாய் வரி. 2025 பட்ஜெட்டில் அந்த 35 சதவீதம் 20 ஆனது. 2026 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதை 10 ஆக்குவதாக அறிவித்தார். சமூகநலக் கூடுதல் வரியைச் சேர்க்காமல், அடிப்படை வரி 10, ஐ.ஜி.எஸ்.டி. 18 என்று வைத்துக் கணக்கிட்டால் மொத்தம் 29.8 சதவீதம் வரும். நல்ல இறக்கம்தான்.

ஆனால், விகிதம் எந்தத் தொகையின்மேல் போடப்படுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பொருளின் விலையோடு அதைக் கொண்டுவரும் செலவையும் சேர்த்துத்தான் வரி கணக்கிடப்படும். 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் இதற்கு ஒரு வரம்பு இருக்கிறது: விமானத்தில் வரும் சரக்குக்குப் போக்குவரத்துச் செலவு என்று சேர்க்கும் தொகை, பொருள் விலையின் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிறிய பார்சலுக்கு இந்த வரம்பு பெரிய வித்தியாசம். 2,000 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கி, விமானக் கூரியருக்கு 900 ரூபாய் கட்டியதாக வைத்துக்கொள்வோம். காப்பீட்டை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், வரிக்கான மதிப்பு 2,400 ரூபாய்தான், 2,900 அல்ல. 29.8 சதவீதத்தில் வரி 715 ரூபாய். முழுச் செலவையும் சேர்த்துப் போட்டால் 864 ரூபாய். 149 ரூபாய் கூடுதலாகக் கட்டியவருக்கு, கட்டியதே தெரியாமல் போகும். மதிப்பை எப்படிப் போட்டார்கள் என்ற தாள் கையில் இருந்தால்தானே தெரியும்?

இதைவிடப் பெரிய குழப்பம் தலைப்பில் இருக்கிறது. சுங்க அட்டவணையின் 9503-ஆம் தலைப்பில் பொம்மைகளோடு சேர்ந்தே, அளவு குறைத்துச் செய்த மாதிரிகளும் வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க 2020 பட்ஜெட்டில் பொம்மைகளின் அடிப்படை வரி 20-இலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. அந்த நோக்கத்தை ஆர்வலர்கள் குறை சொல்லவில்லை. சென்னபட்டணத்து மரப்பொம்மைக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் சந்தை வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால், நாற்பது வயதுக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்று மாதம் ஒட்டிச் சேர்க்கும் நீராவி இன்ஜின் மாதிரி எந்தப் பொம்மைத் தொழிலாளியின் பிழைப்பையும் தொடவில்லை. அதே கிட் 9804-இன் கீழ் வந்தால் அடிப்படை வரி 10 சதவீதம், 9503-இன் கீழ் வந்தால் 70. எதில் வைத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கட்டச் சொன்ன தொகையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பொம்மை என்று முத்திரை விழுந்தால் வரியோடு நிற்பதில்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தரச் சான்று கட்டாயம். அந்த ஆணை பொம்மை என்று சொல்வது 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருளை. பெரியவர்களுக்கான மாதிரி அதில் சேராது என்று ஆர்வலர்கள் வாதிடலாம். ஆனால் பார்சலைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு, பெட்டியின் மேல் வண்ணப் படத்தில் ஒரு விமானம் தெரிகிறது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எது பொம்மை, எது பெரியவர்களின் கைவேலைக்கான மாதிரி என்று தெளிவாக எழுதிய ஒரு சுற்றறிக்கை இருந்தால் அவர் வேலையும் எளிதாகும்.

அடுத்தது கட்டணம். கூரியரில் வரும் பார்சலுக்கு, வாங்குபவரின் சார்பில் நிறுவனமே வரியைக் கட்டிப் பொருளை வெளியே எடுக்கிறது. அப்படி முன்பணம் கட்டியதற்கு ஒரு கட்டணம், ஆவணம் தயாரித்ததற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணங்களின்மேல் ஜி.எஸ்.டி. என்று பில்லில் பல இனங்கள் சேரும். சேவைக்குக் கூலி கேட்பது நியாயமே. ஆனால் இக்கட்டணங்களுக்குக் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இருப்பதால், சிறிய பார்சலில் அது வரியையே தாண்டிவிடுகிறது. பொருளை ஆர்டர் செய்யும்போது இது எங்கும் தெரிவதில்லை. டெலிவரி செய்ய வந்தவர் வாசலில் நின்று, போன் திரையைக் காட்டி, "சார், கஸ்டம்ஸ் அமவுண்ட்" என்று ஒரே தொகையாகச் சொல்லும்போதுதான் தெரிகிறது. அந்தத் தொகையில் பாதி கஸ்டம்ஸே இல்லை என்பது அவருக்கும் தெரியாது.

அஞ்சல் வழியில் ஒரு சிறு சலுகை இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு விழும் வரி 100 ரூபாயைத் தாண்டாவிட்டால் அதை வசூலிப்பதில்லை. 77.28 சதவீதம் இருந்தபோது, 129 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் இந்த வரம்பைத் தாண்டிவிடும். 29.8 சதவீதத்தில் பார்த்தாலும் 335 ரூபாயோடு சலுகை முடிந்துவிடுகிறது. இன்றைய விலைவாசியில் ஒரு டெக்கால் தாளும் அதை அனுப்பும் செலவும் இந்த எல்லைக்குள் அடங்குவது கடினம். 200 ரூபாய் வரி வசூலிக்க ஒரு பொட்டலத்தைப் பிரித்து, மதிப்பிட்டு, பதிவு செய்து, மறுபடி கட்டி, ரசீது போட்டுத் தபால்காரரிடம் கொடுத்தனுப்பும் உழைப்பை யோசித்தால், வரம்பை உயர்த்துவது அரசுக்கும் லாபமாகவே இருக்கும்.

வெளிநாடுகள் பெரிய விலக்கு தருகின்றனவே என்று காட்டி இதைக் கேட்க முடியாது. காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்குக் கொடுத்துவந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. புதிய முறையில் வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவாகாததால் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை ஏற்பதையே சில வாரங்கள் நிறுத்த வேண்டியிருந்தது. விலக்குகளைப் பெரிய வணிகர்கள் தங்கள் வசதிக்கு வளைத்ததும் இந்த மாற்றங்களுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவிலும் அதுதான் நடந்தது. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புகளுக்கு இங்கே வரி இல்லாமல் இருந்தது. வெளிநாட்டு விற்பனைச் செயலிகள் வணிகச் சரக்கை ஆயிரக்கணக்கான அன்பளிப்புகளாகப் பிரித்து அனுப்பத் தொடங்கின. 2019 டிசம்பர் 12-இல் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தங்கைக்கு அனுப்பும் புத்தாடையும் அன்று முதல் வரிக்குள் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஆர்வலர்கள் தங்களைச் சேர்ந்தவர்களிடமும் கறாராகவே பேசுகிறார்கள். விற்பவரிடம், "கிஃப்ட் என்று எழுதிவிடுங்கள், விலையை 10 டாலர் என்று போடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை இன்றே விட வேண்டும். பொய்யான மதிப்பைக் காட்டிய பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. அதைவிட முக்கியம், ஒருவர் போடும் பொய்க்கணக்கு அடுத்தவரின் உண்மையான இன்வாய்ஸையும் சந்தேகத்துக்குள்ளாக்குகிறது. சரியான விலையை எழுதிய பார்சலே வெளியே வராமல் நிற்கிறது என்றால், அதற்கு முன்னால் வந்த பொய்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பொழுதுபோக்குக்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் வானொலிக் குழு ஒன்று தங்கள் ஆர்வத்துக்காக அந்தமானில் நிலையம் அமைத்திருந்தது. 26-ஆம் தேதி சுனாமி அடித்துத் தொலைபேசிகள் செத்துப்போனபோது, போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கொண்டுசென்றவற்றில் அவர்களுடைய கருவிகளும் இருந்தன. ஆர்.சி. விமான ஆர்வலராக அறியப்பட்ட நடிகர் அஜித்குமாரை 2018-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. தன் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு ஆலோசகராக அமர்த்தியது; அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது. இப்படிப் பயன் தந்தால்தான் பொழுதுபோக்கு மதிக்கத்தக்கது என்றும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பியவர் இரண்டு மணி நேரம் கையால் ஒன்றைச் செய்து மகிழ்வது தன்னளவிலேயே நல்லது. அதற்குரிய பொருள் பலவும் உள்ளூரில் கிடைப்பதில்லை என்பதால்தான் அயல்நாட்டைப் பார்க்கிறார்கள்.

அரசிடம் வைக்கும் கோரிக்கைகள் சுருக்கமானவை. தனிநபருக்கு வரும் ஒவ்வொரு பார்சலுக்கும் தலைப்பு எண், மதிப்பு, விகிதம், வரி, கூரியர் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் தாள், பணம் கேட்பதற்கு முன்பே வர வேண்டும். 100 ரூபாய் வரம்பை உயர்த்தி, ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு இத்தனை என்று கட்டுப்பாடும் வைத்து, கூரியருக்கும் விரிவாக்க வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் கேட்டே பார்சல் வெளிவரும் காலத்தில் இந்தக் கணக்கை வைப்பது கடினமில்லை. பெரியவர்களுக்கான மாதிரிகளைப் பொம்மையிலிருந்து பிரித்துக் காட்டும் சுற்றறிக்கை வேண்டும்.

குடிமக்களிடம் கேட்பது இதைவிட எளிது. அடுத்த பார்சல் வரும்போது, கட்டிய தொகைக்கான விவரத்தையும் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க ஆவணத்தின் நகலையும் கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தலைப்போ மதிப்போ தவறு என்று தோன்றினால், காரணம் எழுதிய உத்தரவு வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கணக்கை ஏற்காமல் அதிகாரி மறுமதிப்பீடு செய்திருந்தால், சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி 15 நாளுக்குள் அது தரப்பட வேண்டும். உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கோர ஓராண்டு அவகாசம் உண்டு. 149 ரூபாய்க்காக யார் அலைவார்கள் என்று தோன்றும். அலைய வேண்டாம், எழுதினால் போதும். நூறு பேர் எழுதினால் அது கோப்பாகும்.

பட்ஜெட்டுக்கு முந்தைய மாதங்களில் நிதி அமைச்சகம் பொதுமக்களின் யோசனைகளைக் கேட்பது வழக்கம். அப்போது அனுப்பவும், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கவும் ஒரு பக்கக் கடிதம் போதும். என்ன பொருள், என்ன விலை, எவ்வளவு வரி, எவ்வளவு கட்டணம் என்று உங்கள் சொந்தப் பார்சலின் கணக்கை எழுதி, ரசீதின் நகலை இணையுங்கள். நகல் எடுக்கும் முன் ஆதார் எண்ணையும் வீட்டு முகவரியையும் கறுப்பு மையால் மறைத்துவிடுங்கள்.