நாள் குறிக்கப்படாத நிகழ்ச்சி

உலகப் போர்களைப் பற்றி மாணவர்க்கென எழுதப்படும் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு காலவரிசை அட்டவணையோடு முடிவெய்தும். அத்தகைய அட்டவணையொன்றில் 1943ஆம் ஆண்டின் பிற்பகுதியை நோக்குவோம். யூலை 5இல் குர்ஸ்க் களத்தில் யேர்மனியரும் இரசியரும் தாங்கிகளோடு பொருதத் தொடங்கினர். யூலை 10இல் நேசப்படைகள் சிசிலித் தீவில் இறங்கின. யூலை 25இல் முசோலினி பதவியிழந்து சிறைப்பட்டார். அதே நாட்களில் ஹம்பேர்க் நகரம் வானினின்று பொழிந்த குண்டுகளால் எரிந்தது. செப்டெம்பர் 8இல் இத்தாலி பணிந்த செய்தி வெளியாயிற்று. நவம்பர் 28இல் தெகிரான் நகரிலே சேர்ச்சில், ரூஸ்வெல்ற், ஸ்ராலின் என்னும் மூவரும் கூடினர்.

இவை யாவும் பெருநிகழ்ச்சிகளே, மறுப்பாரில்லை. ஆயினும் அம்மாதங்களிலேயே வங்காள மாகாணத்தில் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். அரசாங்கம் அமைத்த விசாரணைக்குழுவே இறந்தோர் தொகை ஏறத்தாழ 15 இலட்சம் எனக் கணித்தது. பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் அதனை 30 இலட்சம் வரை உயர்த்துவர். எத்தனை அட்டவணைகளில் இதற்கு ஒரு வரியேனும் உண்டு?

நிகழ்ச்சி என்றால் அதற்கு நாள் வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். பஞ்சத்துக்கோ முதல்நாள் என்று ஒன்று இல்லை. 1942 ஒக்டோபர் 16இல் மேதினிப்பூர்ப் பகுதியைப் புயல் அழித்தது. நெற்பயிரை நோய் பற்றியது. அதற்கு முன்னரே பர்மா யப்பானியர் வசமாயிற்று. ஆண்டுதோறும் வந்த அரிசி நின்றது. (இலங்கைக்கும் அவ்வரிசியே வந்தது என்பதையும், இங்கும் பங்கீட்டரிசிக் காலம் பிறந்தது என்பதையும் முதியோர் அறிவர்.) பகைவர் கடல்வழியாக வந்தால் பயன்படுத்துவர் என்றஞ்சி, கரையோர மாவட்டங்களிலிருந்த ஆயிரக்கணக்கான படகுகளை அரசினர் அகற்றினர், சிலவற்றை அழித்தனர். ஆறுகளே தெருக்களாக விளங்கும் நாட்டில் படகைப் பறித்தால் மீனவன் எவ்வாறு பிழைப்பான்? நெல் எவ்வாறு சந்தைக்குப் போகும்? படைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய உணவு முதலில் ஒதுக்கப்பட்டது. விலையோ கூலியாள் எட்ட முடியாத உயரத்துக்கு ஏறியது. அந்நாளில் வங்காளத்தில் ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்த அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலிலே, உணவு குறைந்ததினும் அதனைப் பெறும் வலிமை ஏழைகளுக்கு இல்லாமற் போனதே பெருங்காரணம் என வாதிட்டார். அதனை ஏற்காதாரும் உளர். ஆனால், இறந்தோரிற் பெரும்பாலோர் நாட்டுப்புற ஏழைகள் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை.

இவற்றுள் எம்மை மிகவும் வருத்துவது ஒரு சொல்லைப் பற்றிய செய்தி. இந்திய அரசிடம் பஞ்சகால விதிக்கோவை ஒன்று முன்னரே இருந்தது. பஞ்சம் என முறையாக அறிவித்தால் நிவாரணக் கடமைகளும் உடன் எழும். அவ்வறிவிப்பு இறுதிவரை வெளிவரவேயில்லை. கல்கத்தாவின் ஸ்ரேற்ஸ்மன் பத்திரிகை ஓகஸ்ட் 22இல் தெருவோரத்துப் பட்டினியாளரின் புகைப்படங்களை வெளியிட்ட பின்னரே புறவுலகம் விழித்தது. அப்பத்திரிகையின் ஆசிரியர் ஓர் ஆங்கிலேயர் என்பதையும் நன்றியுடன் சொல்லவேண்டும்.

நம் இறையனார் களவியலுரை கூறும் கதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். பாண்டி நாட்டிற் பன்னீராண்டு வற்கடம் நேர்ந்தபோது, அரசன் புலவரை அழைத்து, உங்களைப் புரக்க என்னால் இயலாது, நாடு செழித்தபின் வாருங்கள் என்றானாம். கதை எவ்வளவு உண்மை என்பது வேறு வினா. தன் நாட்டில் உணவில்லை என்று அரசனே வாய்திறந்து சொன்னதாக உரைகாரர் எழுதினார். அப்பஞ்சத்தையே இலக்கிய வரலாற்றின் எல்லைக்கல்லாகவும் நாட்டினார். போர்வெற்றி ஒன்றையும் அவர் அவ்விடத்து நாட்டவில்லை.

நாள் குறிக்கப்பட்ட நிகழ்ச்சிகளிலும் இக்குறை உண்டு. 1943 ஒக்டோபர் 17இல் சயாம்–பர்மா இரயிற்பாதை இணைக்கப்பட்டது என நூல்கள் கூறும். அங்கு மாண்ட நேசநாட்டுச் சிறைவீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள, திரைப்படமும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் முதலிய ஆசியர், அவ்வீரரினும் பன்மடங்கினர், இறந்தனர். அவர்கள் பெயர்களைத் தாங்கிய பதிவேடு எங்கும் இல்லை.

அட்டவணைகளைத் திருத்துவோர்க்கு எம் வேண்டுகோள் சிறிது: முசோலினியின் வீழ்ச்சிக்கும் இத்தாலியின் பணிவுக்கும் இடையில் ஓகஸ்ட் 22ஐ எழுதுக. முடிவுநாளைத் தேடவேண்டா. ஒக்டோபரில் அரசப்பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற வேவல் கல்கத்தாவை நேரிற் கண்டு படையினரை உதவிக்கு அனுப்பினார். ஆண்டிறுதியில் வயல்களும் நன்கு விளைந்தன. ஆனால் மெலிந்த உடல்களை மலேரியாவும் வாந்திபேதியும் அம்மையும் பற்றிக்கொண்டன. 1944இலும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.