பூகோளப் பரீட்சையும் புரோகித மந்திரமும்



பிள்ளைகளின் பூகோளப் பரீட்சையைப் பற்றி எழுத இந்தப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு என்றே சொல்லுகின்றோம். மதத்தில் "ஏன்?" என்று கேட்டால் நாஸ்திகன் என்கின்றார்கள். ஜாதியில் "ஏன்?" என்று கேட்டால் அதிகப்பிரசங்கி என்கின்றார்கள். ஆனால் பூகோளத் தாளிலோ, "காரணம் கூறுக" என்று கேட்டு, சொன்னவனுக்கு மார்க்கும் கொடுக்கின்றார்கள். அந்த இடத்தையும் குருட்டுப்பாடம் பிடித்துக்கொள்ளுமானால், நம் பிள்ளைகள் காரணம் கேட்கப் பழகுவது வேறு எங்கே என்று கேட்கின்றோம்.

கோயமுத்தூர் ஜில்லா வால்பாறையை எடுத்துக்கொள்ளுவோம். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து கிள்ளும் தொழிலாளியின் பிள்ளை ஜூன் மாதம் பிறந்தால் மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போகின்றது. பக்கத்துச் சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்குக் கீழே கோயமுத்தூர் நகரத்திலோ ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான்.

இந்தப் பிள்ளையிடம், "வால்பாறையில் மழை மிகுதியாகவும் கோயமுத்தூரில் குறைவாகவும் பெய்யக் காரணம் கூறுக" என்று ஒரு இரண்டு மார்க் கேள்வியைக் கொடுத்தால் என்ன எழுதுகின்றது? "இந்தியா ஒரு பருவக்காற்று நாடு; இந்திய விவசாயம் பருவக்காற்றை நம்பியுள்ளது" என்று, நோட்டுப் புத்தகத்தில் உருப்போட்டதை ஒரு பக்கம் எழுதிவிட்டு வருகின்றது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை!

திதி கொடுக்க வந்த புரோகிதன் சொல்லும் மந்திரத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சொல்லுகின்றவனுக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கின்றவனுக்கும் தெரியாது, எழுத்து மட்டும் பிசகக்கூடாது. மழையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மழையின் காரணம் தெரியாமல் போனது அதன் குற்றமல்ல. "ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பி" என்று அடித்து உட்காரவைத்தவர்களின் குற்றமேயாகும்.

நிற்க, சிறு வினாவிற்கு விடை எழுதும் முறைதான் என்ன?

முதலாவது, கேள்வியின் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். "வரையறு" என்றால் பொருள் சொன்னால் போதும். "காரணம் கூறுக" என்றால் "அதனால்" என்ற சொல் விடையில் வந்தே தீரவேண்டும். "வேறுபடுத்துக" என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாய் போன்ற சில இடைவெளிகள் தவிரத் தொடர்ச்சியாக உள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலையோ கோதாவரி, கிருஷ்ணா முதலிய ஆறுகளால் அறுபட்டது. இதுவே வேறுபாடு. ஒன்றின் உயரத்தையும் மற்றொன்றின் ஆறுகளையும் எழுதுவது வேறுபாடு ஆகாது.

இரண்டாவது, மார்க்கை எண்ண வேண்டும். இரண்டு மார்க்கென்றால் இரண்டு செய்தி, முகவுரை வேண்டாம். மூன்றாவது, ஊர்ப்பெயரோ, அளவோ, திசையோ ஒன்றாவது இருக்க வேண்டும்.

மேற்படி கேள்விக்கு இம்முறைப்படி விடை இதுதான்: "அரபிக்கடலிலிருந்து ஈரத்துடன் வரும் தென்மேற்குப் பருவக்காற்றை ஆனைமலை தடுத்து மேலே ஏற்றுகின்றது, காற்று குளிர்ந்து, அதனால் காற்று மோதும் பக்கத்திலுள்ள வால்பாறையில் பெருமழை பெய்கின்றது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடேறி வறண்டுவிடுவதால், மழை மறைவுப் பக்கத்திலுள்ள கோயமுத்தூருக்கு அக்காற்றால் மழை குறைவு." இவ்வளவே. ஐந்து நிமிஷ வேலை.

"திருத்துகின்றவர் புத்தகத்து வார்த்தையைத்தானே தேடுகின்றார்?" என்பார்கள். "மழை மறைவு", "பருவக்காற்று" போன்ற சொற்கள் வேண்டியதுதான். மனப்பாடமும் அந்த அளவுக்கு வேண்டியதுதான். ஆனால் சொற்களைக் கோக்கும் நூல் காரணம். நூல் இல்லாத மணிகளை மாலையென்று யாரும் கழுத்தில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இந்த விடை இரண்டு மார்க்கோடு நின்றுவிடுவதும் இல்லை. மழைக்காகக் கழுதைக்குக் கலியாணம் செய்கின்றவர்களையும், வருண ஜபம் என்று காசு பறிக்கின்றவர்களையும் பார்த்து இந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்: "மழை புண்ணியத்தால் பெய்வதானால், மலைமேல் இருப்பவர்கள் எல்லாம் புண்ணியவான்கள், கீழே கோயமுத்தூரில் இருப்பவர்கள் எல்லாம் பாவிகளா?" அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்லுவார்கள்?

கங்காணிகள் சமவெளியிலிருந்து கூட்டிப்போய்க் குடிவைத்த தொழிலாளிகளின் வழிவந்த பிள்ளைகளுக்கு நிலமில்லை. வேலை போனால் லயத்து வீடும் இல்லை. தோட்டத்தை விட்டு வேறு பிழைப்புக்குப் போகப் பரீட்சைதான் வழி. அந்த வழியையும் மந்திரத்தால் அடைக்க வேண்டாம் என்று உபாத்தியாயர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம். பெற்றோர்களும் இன்று இரவு பிள்ளையைக் கூப்பிட்டு, "நம்ம ஊரில் மழை ஏன் பெய்கிறது?" என்று கேட்டுப் பார்க்கட்டும். ஒப்பிக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, "உன் சொந்த வார்த்தையில் சொல்லு" என்று சொல்லட்டும்.