ஜெர்மனி: ஆய்வகத்துக்கும் தொழுவத்துக்கும் இடையே

ஜெர்மனியில் கால்நடைகள் வளர்க்கப்படும் முறை நெடுங்காலம் நீடிக்கத்தக்கதல்ல என்று, அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு 2015ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவித்தது. விலங்கு நலனை மேம்படுத்த ஆண்டுக்கு 300 கோடி முதல் 500 கோடி யூரோ வரை கூடுதலாகச் செலவாகும் என்றும் அது மதிப்பிட்டது. ஆய்வின் முடிவு தொழுவத்தைச் சென்றடைவது எப்படி, அதற்கான செலவை ஏற்பது யார் என்ற இரு கேள்விகளுக்கு இன்றுவரை முழுமையான விடை கிடைக்கவில்லை.

ஜெர்மனியில் கால்நடை விரிவாக்கப் பணி மாநிலங்களின் பொறுப்பாகும். கீழ் சாக்சனி, வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா ஆகிய மாநிலங்களில் வேளாண் மன்றங்கள் ஆலோசனை வழங்குகின்றன. பவேரியாவில் அரசு அலுவலகங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1990இல் ஜெர்மனி ஒன்றிணைந்த பின்னர் கிழக்கு மாநிலங்களில் தனியார் ஆலோசகர்களே பெருமளவில் இப்பணியை ஏற்றனர். கட்டணம் செலுத்த இயலாத சிறு பண்ணையாளருக்குத் தீவன விற்பனையாளரே ஆலோசகராகிவிடும் ஆபத்து இதில் உள்ளது.

ஆராய்ச்சியின் போக்கும் மாறியுள்ளது. விஞ்ஞானி கண்டறிவார், அலுவலர் எடுத்துரைப்பார், விவசாயி பின்பற்றுவார் என்ற ஒருவழிப் பாதை கைவிடப்பட்டு வருகிறது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய வேளாண் புத்தாக்கக் கூட்டாண்மைத் திட்டத்தில் விவசாயிகள், ஆய்வாளர்கள், ஆலோசகர்கள் ஆகியோர் ஒரே குழுவில் அமர்ந்து பிரச்சினையை வரையறுக்கின்றனர்.

ஆனால் கூடிப் பேசுவது மட்டும் போதாது என்பதை அண்மைய வரலாறு காட்டுகிறது. முன்னாள் வேளாண் அமைச்சர் யோகென் போர்ஷெர்ட் தலைமையில் 2019இல் அமைக்கப்பட்ட குழு, பல தரப்பினரிடையே அரிய கருத்தொற்றுமையை உருவாக்கியது. இறைச்சிக்குக் கிலோவுக்கு 40 சென்ட் வரி விதித்து, தொழுவங்களை மாற்றியமைக்க நிதி திரட்டலாம் என்று 2020இல் அது யோசனை தெரிவித்தது. அரசியல் தலைமை அதனை ஏற்கத் தயங்கியது. போதிய நிதிக்கு வழியில்லை எனக் கூறி, 2023 ஆகஸ்டில் குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

இதற்கிடையே, 2000ஆம் ஆண்டில் 1,30,000க்கும் அதிகமாக இருந்த பால் பண்ணைகளின் எண்ணிக்கை, 2024இல் சுமார் 50,000 ஆகக் குறைந்துவிட்டது.

அரசு நேரடியாகப் பொறுப்பேற்கும் இடத்தில் நிலைமை வேறு. 1988க்குப் பின் முதன்முறையாக, 2025 ஜனவரியில் பெர்லின் அருகே எருமைகளிடம் கோமாரி நோய் கண்டறியப்பட்டது. ரீம்ஸ் தீவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃப்ரீட்ரிக் லோஃப்லர் நிறுவனம் அதனை உறுதி செய்தது. அதிகாரிகள் விரைந்து செயல்பட்டதால் அந்த ஒரு பண்ணைக்கு அப்பால் நோய் பரவவில்லை.

இந்த அனுபவம் இந்தியாவுக்கும் பொருந்தும். கோட்டிங்கன், காசெல் பல்கலைக்கழகங்கள் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இந்திய நிறுவனங்களுடன் இணைந்து, 2016 முதல் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் கறவை மாடு வளர்ப்பு உள்ளிட்டவற்றை ஆராய்ந்தன. தமிழ்நாட்டில் 1989இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாவட்டங்களில் பயிற்சி மையங்களை நடத்துகிறது. ஆனால் களத்திலுள்ள அரசு மருத்துவர்களின் நேரத்தைச் சிகிச்சையும் செயற்கைக் கருவூட்டலுமே பெரிதும் எடுத்துக்கொள்கின்றன.

பல்கலைக்கழகங்களிடையே ஒப்பந்தம் கையெழுத்தாவது எளிது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஊரில் இருந்து விளக்கிச் சொல்லும் ஆலோசகருக்கு யார் ஊதியம் தருவார்கள் என்பதே, இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஆய்வு பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கும்.